உள் அளவு எடுத்தவன்

தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக்குப் பதினோரு ஜன்னல்கள். எட்டைக் கறையான் தின்று முடித்திருந்தது, மூன்றைத் தின்னத் தொடங்கியிருந்தது. எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு அந்தப் பக்கமெல்லாம் ஊர்வலமும் சாலை மறியலுமாக இருந்த காலம் அது. நான் ஏழாம் வகுப்பு. மழைக்கு முன் எல்லா ஜன்னல்களையும் எடுத்துவிட்டு இரும்பில் வைத்துவிட வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார்.

யாரிடம் வேலையைக் கொடுப்பது என்ற பேச்சு பதினாறு நாள் நீடித்தது. திருக்கோவிலூர்க்காரர் மூன்று மாதம் கேட்டார். கள்ளக்குறிச்சிக் கம்பெனியில் ஒரே அளவில்தான் செய்வார்களாம். அதற்கேற்ப நாம்தான் சுவரை இடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீடோ தலைமுறைக்கு ஓர் அறையாக வளர்ந்தது. எந்த இரண்டு ஜன்னலும் ஒரே அளவில் கிடையாது.

"ஜன்னலுக்கோசரம் யாராச்சும் வூட்ட இடிப்பாங்களா?" என்றாள் அம்மா.

மூன்றாவதாக வந்தவர் காலனிக்காரர். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் பட்டறை போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அதுவரை கதவுக் கொண்டியும் சைக்கிள் ஸ்டாண்டும்தான் ஒட்டிக் கொடுத்திருந்தார்.

"பதினொண்ணுக்கும் தனித்தனியா அளவெடுத்து செஞ்சிடலாங்க. செவுத்துல கை வெக்க வேணாம். இந்தத் தெருவுல ஒரு வூடு செஞ்சிட்டேன்னா போதுங்க, மத்த வூடெல்லாம் தானா வந்துடும்" என்றார்.

கேட்ட கூலியும் கம்மி. அப்பா சம்மதித்தார்.

பழைய சட்டங்கள் சுவரின் உட்புறமாகப் பதிந்திருந்தன; வெளியே சுண்ணாம்புப் பூச்சு அவற்றின் ஓரத்தை மறைத்திருந்தது. அறைக்குள் நின்றுதான் அளக்க முடியும். ஆனால் காலனியிலிருந்து வருபவர்கள் எங்கள் வாசற்படியைத் தாண்டுவதில்லை. அதை யாரும் சொல்ல வேண்டியதுகூட இல்லை. அன்று அவர் மட்டும் கேட்டுப் பார்த்தார்.

"அஞ்சி நிமிஷம் உள்ள வந்து பாத்துக்கினு போய்டட்டுங்களா?"

"இன்னாத்துக்கு? பையன் கணக்குல நூத்துக்கு நூறு வாங்கறவன். அவன் அளந்து சொல்றான், நீ வெளிய நின்னு எழுதிக்கோ" என்றார் அப்பா.

பட்டறைக்காரர் ஜன்னல் வழியாக டேப்பை என்னிடம் நீட்டினார். அதன் முனையில் ஓர் அங்குலம் ஒடிந்துபோயிருந்தது.

"தம்பி, முன்னாடி ஒரு இஞ்ச் கெடையாது. நீ பாக்கறத அப்படியே சொல்லு, நான் கழிச்சிக்கிறேன்."

"நானே கழிச்சி சொல்றேன்" என்றேன். நூற்றுக்கு நூறு வாங்குகிறவன் வேறென்ன சொல்வான்.

ஏழு ஜன்னல்கள் வரை கழித்துத்தான் சொன்னேன். அப்போது தெருவில் ஊர்வலம் வந்தது. டேப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பா வாசலில் நின்று வந்தவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். "எத்தினி காலத்துக்கு நம்மள வெளியவே நிக்க வெச்சிக்கினு இருப்பானுங்க?" என்று அவர் கேட்க, எல்லோரும் கைதட்டினார்கள். இருநூற்றுப் பதினான்கு பேர் வரை எண்ணிவிட்டுத் திரும்பினேன். பட்டறைக்காரர் அதே ஜன்னலுக்கு வெளியே, வெயிலில், நோட்டோடு நின்றிருந்தார். மீதி நான்கையும் மளமளவென்று சொல்லி முடித்தேன். கழிக்கவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் ஜன்னல்கள் வண்டியில் வந்தன. எங்கள் தெருக் கொத்தனார்கள் இருவர் உள்ளே நின்று பொருத்தினார்கள். அவர் வெளியே நின்று தூக்கிக் கொடுத்தார். ஏழு ஜன்னல்கள் கச்சிதமாக உட்கார்ந்தன. நான்கு உட்காரவில்லை. ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் பெரிது.

"இன்னாடா அளவு எடுத்த நீ?" என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கேட்டார் அப்பா.

அவர் நோட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு, சட்டம் இல்லாத ஜன்னல் துவாரத்தின் வழியாக உள்ளே நின்ற என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர் நோட்டை மூடினார்.

"என் தப்புதாங்க, சரியா எழுதல. ரெண்டே நாள் குடுங்க, நாலையும் அறுத்து ஒட்டிக் கொண்டாந்துடறேன்."

"அளவெடுக்கத் தெரியாதவனுக்குப் பட்டறை ஒரு கேடு" என்றார் அப்பா. ஒரு கொத்தனார் சிரித்தார். "ஐ.டி.ஐ. அளவுங்க. நம்ம செவுரு அந்தப் பாடம் படிக்கல."

பதினொன்றும் வண்டியில் திரும்பிப் போயின, பொருந்திய ஏழும் சேர்த்து. என் பள்ளிக்கூடத்தில் பதினொன்றுக்கு ஏழு என்றால் பாஸ்.

பிறகு கள்ளக்குறிச்சிக் கம்பெனி ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். செருப்புக் காலோடு எல்லா அறைகளுக்குள்ளும் நடந்தார்கள். அம்மா காபி கொடுத்தாள். கடப்பாரையால் ஒன்பது நாள் சுவரை இடித்தார்கள். அப்பா பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். அந்த ஜன்னல்களில் ஐந்தை இன்றுவரை முழுதாகச் சாத்த முடிவதில்லை.

தெருவில் வேறு எந்த வீடும் அவரைக் கூப்பிடவில்லை. பொங்கலுக்குள் பட்டறை மூடிக் கிடந்தது. குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

அடிபடாமல் என்னைக் காப்பாற்றத்தான் அவர் பழியை ஏற்றார் என்று நான் நம்பினேன். குழந்தைகளிடம் பிரியமான மனிதர் என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. பையன் தப்பாகச் சொன்னான் என்றோ, தன்னை உள்ளே விட்டிருந்தால் இது நடந்திருக்காது என்றோ அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் நின்றிருந்தது ஜன்னலுக்கு வெளியே. அங்கே நின்று சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான் என்பது, ஊர்வலத்தில் தலைகளை எண்ணிவிட்டு வந்த எனக்கு அன்று தெரியவில்லை.