நூலக்காவின் கணினி உறை

பேசிக்கொண்டிருக்கும்போதே நூலக்கா நம் தோளிலிருந்து எதையோ கிள்ளி எடுப்பார். நூல் துணுக்கு. அது அவர் தலையிலிருந்து நம் மேல் விழுந்ததுதான். ஆனால் எடுத்துவிட்டதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும் என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். பாதி நேரம் அவர் உதடு ஊசியையோ நூல் முனையையோ கவ்வியிருக்கும், அதனால் பேச்சு பாதி விழுங்கித்தான் வரும். கோபம் வந்தால் மட்டும் வாயைக் காலி செய்துகொண்டு பேசுவார். போன மாதம் முழுக்க அவர் வாய் காலியாகவே இருந்தது.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நான் எழுதும் மேஜை, அந்தப் பக்கம் அவருடைய தையல் அறை. கணினி எம்ப்ராய்டரி செய்கிறார். பள்ளிச் சீருடையில் பள்ளிச் சின்னம், ஓட்டல் துண்டில் ஓட்டல் பெயர், டாக்டர் கோட்டில் டாக்டரின் பெயரும் அதைவிட நீளமான பட்டமும். அக்கா திரையில் வரைவார். அந்தக் கோடுகளையெல்லாம் ஒரு மென்பொருள் தையலாக மாற்றிக் கொடுக்கும். இயந்திரம் தடதடவென்று தைத்துத் தள்ளும். இத்தனை வருடமாக அந்தத் தடதடப்பைத் திட்டிக்கொண்டேதான் நான் எழுதியிருக்கிறேன்.

அவருக்குக் காகிதத்தில் நம்பிக்கை கிடையாது. "காயிதம் நனையும், கிழியும், காத்துல பறக்கும். துணியில தைச்சாச்சுன்னா தைச்சாச்சு" என்பார். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் படிப்பதற்கு நிறைய இருக்கும். சமையலறைத் திரையின் விளிம்பில் எரிவாயு இணைப்பு எண். தலையணை உறையில் குடும்ப டாக்டரின் தொலைபேசி எண். பேருந்து ஓட்டுநரான கணவரின் பனியன்களில் கழுத்துக்கு உள்பக்கம் வீட்டு முகவரி. "இவரு எங்கயாவது தொலஞ்சு போனாக்கூட யாராவது கொண்டாந்து விட்டுடுவாங்க" என்று அக்கா சொல்வார். "அந்தப் பயத்துலதான் நான் பனியனே போடுறதில்ல" என்பார் கணவர்.

அந்த மென்பொருள் கைக்கு வந்த நாளில் என்ன செய்தார் என்பதை இப்போது சொன்னால் யாரும் சிரிப்பார்கள். பல வருடம் சேர்த்துவைத்து வாங்கியது. பெட்டிக்குள் ஒரு சிடி, ஓர் அட்டை. அட்டையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீள வரிசை, அதுதான் 'ப்ராடக்ட் கீ'. அதைப் போட்டால்தான் மென்பொருள் திறக்கும். கணினிக்குத் தூசி படாமல் இருக்க அவரே தைத்த வெள்ளை உறை ஒன்று இருந்தது. அதன் கீழ் விளிம்பில் அந்த வரிசை முழுவதையும் நீல நூலில் தைத்தார். அட்டையைக் குப்பையில் போட்டார். "தைச்சாச்சே, அப்புறம் அட்டை எதுக்கு?"

சரியாகத்தான் யோசித்தார் என்று இன்றும் சொல்வேன். கத்தரிக்கோல் பிடித்த ஒரு முட்டாள் வருவான் என்று யார் நினைப்பார்கள்?

ஒரு நாள் காலையில் கணினி எழுந்திருக்கவில்லை. கணவர் அதை உறையோடு தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய தெருவிலிருக்கும் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தார். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, காதிலிருந்து போனை எடுக்காத முதலாளி. சில நாளில் கணினி பளபளவென்று துடைக்கப்பட்டு வீட்டுக்கு வந்தது. பழைய டிஸ்க் பாதி போய்விட்டதாம், புது டிஸ்க் போட்டிருக்கிறார்களாம். "டிசைன் எல்லாம் அப்படியே காப்பி பண்ணிட்டோம்க்கா, ஒண்ணு விடல" என்று முதலாளியே போனில் சொன்னார். பொய் இல்லை. அக்கா இத்தனை வருடம் வரைந்ததெல்லாம் அதில் இருந்தது. ஆனால் மென்பொருள் போய்விட்டது, அது இல்லாமல் அந்த வரைபடங்களில் ஒன்றுகூடத் திறக்காது. சிடியைப் போட்டு மறுபடி நிறுவினார். திரையில் காலிக் கட்டங்கள் வந்து நின்று கீயைக் கேட்டன. அக்கா பழக்கத்தில் உறையைத் தேடிக் கையை நீட்டினார். உறை இல்லை.

எனக்குப் பொறுமை குறைவு என்று என் வீட்டில் சொல்வார்கள். அதனாலேயே கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார் என்று நினைக்கிறேன்.

"தம்பி, கம்ப்யூட்டர் மேல ஒரு உறை இருந்துச்சே?"

"உறையா? அதெல்லாம் நாங்க கணக்குல எடுத்துக்கிறதில்லக்கா" என்றார் முதலாளி, போனை ஒரு விரல் அகலம் நகர்த்தி. "கம்ப்யூட்டர் வந்துச்சு, கம்ப்யூட்டர் போச்சு."

உள்ளே மேஜையில் மெக்கானிக் யாருடைய கீபோர்டையோ துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணி. ஓரத்தில் நீல எழுத்துகள். அக்கா கல்லாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மெக்கானிக் பாவம், தன்னைப் பாராட்ட வந்திருக்கிறார் என்றே நினைத்தார். "நல்ல காட்டன்க்கா, தூசியை அள்ளிட்டு வருது. பெருசா இருந்துச்சு, கைக்கு அடங்கல, அதான் மூணா வெட்டிக்கிட்டேன்."

ஒரு துண்டு அவர் கையில். இன்னொன்று ஏசி ஒழுகும் இடத்தில் செருகியிருந்தது. மூன்றாவது கறுப்பாகிப்போனதென்று குப்பையில் போட்டாயிற்று, குப்பை வண்டியும் போய்விட்டது. வரிசையின் தலையும் வாலும் கிடைத்தன. நடுப்பகுதி இல்லை. அக்கா அந்த ஈரத்துண்டைப் பிழிந்து நீவி நீவிப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. அடுத்தவர் வீட்டுத் துணியை வெட்டுவதற்கு முன் அதில் என்ன தைத்திருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்கக் கூடாதா? கண் எதற்கு இருக்கிறது?

முதலாளிக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. "இதுக்குப் போய் டென்ஷன் ஆகாதீங்கக்கா. சாயந்திரம் கொண்டாங்க, கிராக் பண்ண சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டுத் தரேன். கீயே கேக்காது. ஊர்ல எல்லாரும் அதான் வச்சிருக்காங்க."

"நான் காசு குடுத்து வாங்கினத நானே திருடிக்கணுமா, தம்பி?"

முதலாளி சிரித்தார். மன்னிப்பு என்ற சொல் அந்தக் கடையில் இல்லை. போன் மறுபடி காதுக்குப் போய்விட்டது.

அவசரம் என்னவென்றால், ஒரு செவிலியர் கல்லூரியின் வெள்ளைக் கோட்டுகள் பெட்டி பெட்டியாக அறையில் காத்திருந்தன. கல்லூரிச் சின்னத்தை வரைந்ததே அக்காதான். இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு விளக்கு. அந்தச் சுடருக்கு மட்டும் பல நாள் மெனக்கெட்டார். புது மாணவிகள் வருவதற்குள் கோட்டுகள் போய்ச் சேர வேண்டும். அக்காவின் வருட வேலையில் பாதி அந்தக் கல்லூரிதான். சுடர் அவருடைய கணினிக்குள் இருக்கிறது, அவரால் அதைத் தொட முடியவில்லை.

மென்பொருள் நிறுவனத்துக்குப் போன் போட்டார். இயந்திரக் குரல் இந்த எண்ணை அழுத்து, அந்த எண்ணை அழுத்து என்று அலைக்கழித்து, கடைசியில் ஒரு பெண் கிடைத்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

"வாங்கினது நீங்கதான்னு உறுதிப்படுத்தணும் மேடம். உங்க ப்ராடக்ட் கீ சொல்லுங்க."

"அதத்தானம்மா தொலைச்சுட்டு நிக்கிறேன்."

"கீ இல்லாம கீ தர முடியாது மேடம்."

அக்கா இரண்டு துண்டுகளையும் மடியில் விரித்து, தலையையும் வாலையும் நிதானமாகப் படித்துக் காட்டினார். "நடுவுலதான் இல்ல. நடுவுல என்ன இருக்குன்னு உனக்கு அங்க தெரியுதுல்ல?"

"தெரியுது மேடம். ஆனா பாதுகாப்புக் காரணமா சொல்ல முடியாது. பதிவு பண்ணின ஈமெயில்லேர்ந்து கேட்டீங்கன்னா தரலாம்."

பதிவிலிருந்த ஈமெயில், மென்பொருளை அக்காவுக்கு விற்ற வியாபாரியுடையது. அவர் கடையை மூடிவிட்டு எங்கே போனாரென்று யாருக்கும் தெரியாது.

"யாருகிட்டயிருந்தும்மா பாதுகாப்பு? என்கிட்டயிருந்து என் பொருளுக்கா?"

மறுமுனையில் அவள் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, புது வெர்ஷன் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பழைய வரைபடங்கள் அதில் திறக்காது, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். அந்தக் கேள்வியை எவன் எழுதிக் கொடுத்தானோ, அவன் என் கையில் கிடைக்க வேண்டும்.

அதன் பிறகு அக்கா கணினி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். நடுக்கட்டங்களில் நினைவுக்கு வந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தார். சில தடவை தப்பானால் அந்த மென்பொருள் கோபித்துக்கொண்டு நேரம் கழித்து வா என்றது. கணவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்: "ஊர் நம்பரெல்லாம் தைச்சியே, மூளையில ஒண்ணு தைச்சுக்கக் கூடாதா?" அன்றைக்கு அவர் வெளியில் சாப்பிட்டார்.

கல்லூரியின் பொருள் காப்பாளர் வண்டியோடு வந்தார். மரியாதையான மனிதர். "உங்க மேல தப்பு இல்லம்மா, ஆனா எங்களுக்குத் தேதி இருக்கு. வேற இடத்துல குடுத்துட்டோம்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வேறு இடத்தில் அந்த விளக்கை யாரோ பார்த்து வரைந்துகொள்வார்கள். அக்கா தானும் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு மாடிப்படி இறங்கினார். வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். "சுடரைக் கோணலாத்தான் போடுவானுங்க, பாருங்க" என்றார் என்னிடம். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில், நான் அக்கா வீட்டுக்கு நாளிதழைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தபோது, பழுதுபார்க்கும் கடை முதலாளி பெரிய பையோடு படியேறி வந்தார். போன் காதில் இல்லை, அதுவே அதிசயம். இன்னொரு கிளை திறக்கிறாராம். வேலைக்காரர்களுக்குப் புதுச் சட்டை.

"அதே டிசைன்தான்க்கா. நீங்க முன்ன போட்டுக் குடுத்தீங்களே, பாக்கெட்டுக்கு மேல நம்ம கடை பேரு. உங்ககிட்ட இருக்குமே. எதுக்கும் சாம்பிளுக்கு என் சட்டையையும் கொண்டாந்திருக்கேன்."

மனிதனுக்கு இவ்வளவு தடித்த தோலும் இருக்குமா? அக்கா கணினியைப் போட்டார். திரையில் காலிக் கட்டங்கள் வந்தன. திரையை முதலாளி பக்கம் திருப்பிவைத்தார். அவர் பார்த்தார், புரியவில்லை, புன்னகையோடே நின்றார்.

அக்கா அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கினார். உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி மடியில் போட்டு, தையல் பிரிக்கும் சின்னக் கத்தியால் பின்பக்க நூலை வரிசையாக அறுத்தார். "அக்கா, என்ன பண்றீங்க" என்றார் முதலாளி. அக்கா நிமிரவில்லை. சட்டையை மறுபடி புரட்டி, முன்பக்கத்தில் முதல் எழுத்தின் நூலைப் பிடித்து இழுத்தார். அடுத்த எழுத்து. அதற்கடுத்தது. கடை பெயர் முழுவதும் சிவப்புச் சுருளாக மடியில் விழுந்தது. துணியில் ஊசித் துளைகள் மட்டும் இருந்தன. அவற்றை நகத்தால் நீவிவிட்டு, சட்டையை நான்காக மடித்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.