வராத பையனுக்காகக் காத்திருந்த பாயிஸா

கம்பளையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்யும் பாயிஸாவுக்கு விற்பதைவிடக் கண்காணிப்பதுதான் அதிகம். எந்தக் கை துணியைப் பைக்குள் தள்ளப் போகிறது என்று தோள் அசைவிலேயே கண்டுவிடுவாள். “பாயிஸா ராத்தா நிண்டா கெமரா தேவல்ல” என்பார்கள் கடைப் பெண்கள்.

அந்தக் கண் இப்போது மகள் ரிப்கா மேல்.

பதினேழு வயது. போன வருஷமும் இப்படித்தான் சோறு இறங்காமல், புத்தகம் விரியாமல் படுத்தே கிடந்தாள். கண்டி ஆஸ்பத்திரி டொக்டர் மனச்சோர்வு நோய் என்று சொல்லிக் குளிசை கொடுத்தார். சில மாதங்களில் சிரிப்பு திரும்பியது. பிறகு ரமழான் வந்தது. காலையில் போடுகிற குளிசை. “நோம்போட எதுக்கு குளிச, சுகமாத்தானே ஈக்கிற?” என்றாள் பாயிஸா. பெருநாள் கழிந்தும் இருவருமே அதைத் தொடவில்லை.

இப்போது பிள்ளை மறுபடியும் வாய் திறப்பதில்லை. கேட்டால் சுவரைப் பார்க்கிறாள். டியூஷன் என்று கண்டிக்குப் போய் மங்கிய முகத்தோடு வருகிறாள். மகள் குளிக்கப் போன நேரம் அவள் போனைத் துருவினாள் பாயிஸா. ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லாததுதான் யாரோ ஒரு பையன் இருக்கிறான் என்ற சந்தேகத்தைக் கூட்டியது. கெட்டிக்காரப் பையன், தடயம் விடமாட்டான்.

சனிக்கிழமை கடைக்கு லீவு போட்டு அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போனாள். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ரிப்கா வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பழக்கடை மறைவில் நின்றாள் பாயிஸா. வரட்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம். பஸ்கள் வந்தன, போயின. வகுப்பு நேரம் தாண்டியது. மகள் பையை மடியில் வைத்தபடி ஆடாமல் அசையாமல் இருந்தாள். யாரும் வரவில்லை.

பாயிஸா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “யாருக்கு மகள் காத்துட்டீக்கிற?”

ரிப்கா திடுக்கிடவில்லை. “ஒருத்தருக்கும் இல்ல உம்மா. கிளாஸுக்குப் போக ஏலாது. வீட்டுக்கும் வர ஏலாது. அதான் இங்க ஈக்கிறேன்.”

“ஒவ்வொரு கெழமையுமா?”

“ம்.”

அங்கிருந்து நேரே பழைய டொக்டரின் தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். யாழ்ப்பாணத்துப் பெண்மணி அவர்.

“குளிசையை எப்ப நிப்பாட்டினீங்கள்?”

“நோம்புக்கு. நல்லாத்தானே இருந்தா, டொக்டர்.”

“குளிசை போட்டதாலயும்தான் நல்லா இருந்தவ, அம்மா. சுகமான பிறகும் கொஞ்சக் காலம் போடவேணும். இது திரும்பியும் வாற வருத்தம். என்னைக் கேட்டிருந்தா நேரத்தை மாத்தித் தந்திருப்பன்.”

பிறகு பாயிஸாவை வெளியே இருக்கச் சொன்னார். மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே என்ன கதை? தன்னைப் பற்றிய முறைப்பாடா? கொஞ்ச நேரத்தில் அவளையும் கூப்பிட்டு, மகளைத் தனியே விட வேண்டாம், புதன்கிழமையே மறுபடி கூட்டி வாருங்கள் என்றார் டொக்டர்.

திரும்பும் பஸ்ஸில் ரிப்காவே ஆரம்பித்தாள். “டொக்டர் என்னா கேட்டாங்கண்டு கேக்கல்லியே.”

“செல்லு.”

“மவுத்தாப் போனா நல்லம்னு நெனச்சியான்னு கேட்டாங்க. ஓம்ண்டு சொன்னேன்.”

மகள் வாயிலிருந்து சாவு என்ற சொல்லைக் கேட்டதும் பாயிஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேராதனையில் பஸ் நின்றபோது கேட்டாள். “இப்பவுமா?”

“இப்ப கொஞ்சம் கொறவு.”

உண்மையா, உம்மாவைத் தேற்றவா? முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. வழியில்லாமல் மகளிடமே கேட்டாள்: “மெய்யாச் செல்றியா, உம்மாக்காகச் செல்றியா?”