அடுப்புச் சாம்பலில் ஒரு கடல் மீன்

எங்கள் வயல் குளத்தில் இறங்கும் ஓரத்தில் தொல்லியல்காரர்கள் குழி வெட்டினார்கள். எழுத்தே வராத காலத்து ஆட்கள் அங்கே குடியிருந்திருக்கிறார்கள். குழியில் கிடைத்த அடுப்பு மண்ணைத் தொட்டித் தண்ணீரில் கரைத்துச் சலிக்கும் வேலை எனக்கு. கரி மேலே மிதந்து வரும். கூடவே கருகிய நெல், ஆம்பல் விதை. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கிவிடும். தண்ணீருக்குள் யாரோ அடுப்பு ஊதுவதுபோல, குளத்தின் மேல் புகை படர்வதுபோல இருக்கும். இதையெல்லாம் போய் யாரிடம் சொல்ல?

நான் கடப்புறத்துக்காரி, கடற்கரை மீனவ ஊரில் பிறந்தவள். காதலித்துக் கட்டி வந்த வீடு சுத்த சைவம். அடுக்களைக்குள் மீன் வரக் கூடாது என்பது மாமியாரின் சட்டம். மதியம் கொட்டாரம் ஊர்க் கடையில் வாங்கிய பொரித்த மீனை வரப்பில் உட்கார்ந்து தின்பேன். மாமியாருக்கு அது தெரியும். பார்த்தால் வேறு வரப்பில் நடந்துவிடுவார். வருஷங்கள் போயும் அந்த வீட்டில் நான் விருந்தாளிதான். எனக்கு அது தீராத வருத்தம்.

ஒரு நாள் சல்லடையில் வெள்ளையாக ஒரு கல் தங்கியது. கத்தாழை மீனின் தலைக்குள் இருக்கும் கல்! கடல் மீன், குளத்தங்கரை அடுப்பில், நெல்லோடு. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அந்நேரம் பார்த்து வயலுக்கு வந்த மாமியார் எட்டிப் பார்த்தார்.

"உனக்க சோத்துப் பாத்திரத்துலேந்து விழுந்திருக்கும்."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"அப்பிடியா? இங்கயே நில்லுங்க அத்தே!"

அதே அடுப்பிலிருந்து பெயர்த்து, உடைக்காமல் கட்டி வைத்திருந்த மண்கட்டி ஒன்று பாக்கி இருந்தது. மாமியார் கண்ணெதிரே அதைத் தண்ணீரில் இறக்கினேன். ஒன்றும் இல்லாமல் போனால்? பிறகு காலம் முழுக்க அந்த வீட்டில் வாய் திறக்க முடியாது. கட்டி மெல்ல மெல்ல அவிழ்ந்தது. கரி எழுந்தது, நெல் எழுந்தது. சல்லடையைத் தூக்கினேன். அடியில் இன்னொரு கல், தீ பட்டுச் சாம்பல் நிறமாக.

மாமியார் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"கடப்புறத்துலேந்து கெட்டி வந்தவளாட்டு இருக்கும்" என்றார். கொஞ்சம் கழித்து, "பாவம், அவளுக்க மாமியா என்ன பாடு பட்டாளோ!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டி அந்தக் கல்லை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"மீனுக்க தலையில இது எங்க இருக்கும், மக்கா?"