நல்லி எலும்பில் ஓட்டை இருக்கும்

விருத்தாசலத்தின் கையில் சிக்கிய கடா இரண்டாவது வெட்டைப் பார்த்ததில்லை. திண்டிவனத்தில் இருபத்தாறு வருஷமாகக் கறிக்கடை. ஆனால் அந்த மனுஷனுக்குப் பெருமையெல்லாம் சொந்த ஊரில்தான். ஆடியில் காளி கோயில் முதல் கடாவை வெட்டும் உரிமை அவர் குடும்பத்துக்கு. ஒரே வெட்டில் தலை விழவேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு ஆகாது. அந்த ஒரு வெட்டுக்காகவே மனுஷன் வருஷம் பூராவும் உயிரோடு இருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

போன ஆடிக்குப் பத்து நாள் இருக்கையில், கோயிலுக்குப் பின்னால் ஜேசிபி பள்ளம் பறித்தபோது ஆள் நீளத்துக்கு உருளையாக ஒரு கல் வந்தது. பூசாரி ஜெகதீசன் அதற்கு மஞ்சள் பூசி, காளி கொன்ற அசுரனின் தொடை எலும்பு என்று அறிவித்துவிட்டார். அறிவியல் டீச்சர் வெண்ணிலா சும்மா போயிருக்கலாம். போகவில்லை.

"இது கல்லா மாறின மரங்க. ரெண்டு கோடி வருஷம் இருக்கும். அப்ப மனுஷனே கெடையாது."

"அப்ப நாங்கள்லாம் கொரங்குக்குப் பொறந்தவங்களா?" என்று ஒருவன் எகிறினான்.

"கொரங்குக்கும் நமக்கும் ஒரே மூதாதைங்க" என்றாள். யார் காதில் ஏறும்? அவள் ஸ்கூட்டியை உதைத்துச் சாய்த்து, கண்ணாடியை மிதித்து நொறுக்கினார்கள்.

"எலும்ப பத்தி தெரிஞ்ச ஆளு நம்ம ஊர்லயே இருக்காரு. விருத்தாசலத்த இட்டுக்கினு வாங்க" என்றார் ஜெகதீசன். தன் பக்கம்தான் பேசுவார் என்ற தைரியம். அங்கேதான் பூசாரி கோட்டைவிட்டார்.

விருத்தாசலம் கடையிலிருந்து கறிப்பையோடு நேரே வந்தார். கல்லின் உடைந்த முகத்தில் மஞ்சளைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். காளிமேல் அவருக்கிருந்த பக்தி பூசாரிக்கே இருந்ததா என்பது சந்தேகம். எலும்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு வாய் வரவில்லை. பையிலிருந்து ஆட்டுக்காலை எடுத்துக் கோயில் படியில் வைத்து வெட்டுக்கத்தியால் ஒரே போடாகப் போட்டார்.

"பாத்துக்கங்க. நல்லின்னா நடுவுல ஓட்ட இருக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நமக்கும் அப்டித்தான். இதுல வளையம் வளையமா இருக்குது, வேப்பங்கட்டைய அறுத்தா இருக்குமே, அந்த மாரி. ஆத்தா மேல சத்தியமா இது மரம்."

"சாமி படியில எலும்ப ஒடைக்கிறியா?" என்றபடி முதல் உதை முதுகில் விழுந்தது. அப்புறம் விலாவில், வாயில். இரண்டு பேர் அவரைக் குப்புறத் தள்ளி வலது கையைப் படியில் வைத்து அழுத்தினார்கள். ஜெகதீசன் அந்தக் கல்லிலேயே உடைந்து கிடந்த ஒரு துண்டைத் தூக்கினார்.

"எலும்பா, மரமா?"

"மரம்."

கல் இறங்கியது. விரல்கள் முறிகிற சத்தம் அவருக்குப் பழக்கமான சத்தம், தினமும் கடையில் கேட்பது. மறுபடி கேட்டார்கள். மறுபடியும் மரம் என்றார். மூன்றாவது தடவை மணிக்கட்டு போயிற்று.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர், மூன்று விரல் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார். வாக்குமூலம் எழுத ஏட்டு வருவதற்குள் ஜெகதீசன் பழத்தோடு வந்து நின்றார்.

"கல்லு தானா உருண்டு வுழுந்துச்சுன்னு சொல்லிடு. மொத கடா வெட்டுற கத்தி உன் குடும்பத்துக்கேதான். ஆத்தா சாட்சியா சொல்றேன்."

ஏட்டு வந்தார். "எதாலய்யா அடிச்சாங்க?"

"மரத்தால சார்."

"கட்டையா?"

"கல்லா மாறின மரம் சார். அப்டியே எழுதுங்க. அடிச்சது இவரு" என்று இடது கையை நீட்டினார்.

ஆடியில் முதல் கடாவை வேறொருவன் வெட்டினான். கட்டுப் போட்ட கையோடு விருத்தாசலம் ரோட்டோரம் நின்று பார்த்தார். நாலு வெட்டு விழுந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் வாய்விட்டு அழுதார்.