கந்தசாமி கலப்பு

நேற்று திருச்செங்கோடு போகும் வழியில் எங்கள் பேருந்து ஒரு தீவன லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. சோயாப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்த நாற்றம். பக்கத்தில் இருந்தவர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் பல வருடம் சோறு தின்றேன். சட்டையை எப்படி அலசினாலும் போகாது. "தெருவுல போனீங்கன்னா கோழியெல்லாம் பொறத்தாலயே வரும் போங்க" என்பாள் என் மனைவி. வந்ததும் உண்டு.

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு கோழித்தீவன மில். பெரிய மில் இல்லை. எனக்குக் கம்ப்யூட்டர் அறையில் வேலை. பெரிதாக நினைத்துவிடாதீர்கள், எட்டாவதோடு நின்றவன் நான். திரையில் தெரிவதை மைக்கில் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். மக்காச்சோளம் இத்தனை, சோயா இத்தனை, முட்டை ஓடு கெட்டியாகக் கிளிஞ்சல் இத்தனை. கீழே கலக்கும் இயந்திரத்தடியில் நிற்பவர்கள் கேட்டு, எடை போட்டுக் கொட்டுவார்கள். அறையில் ஏசி உண்டு. எனக்கில்லை, மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருந்த சர்வர் பெட்டிக்கு. அதன் தயவில் நானும் குளிர்ந்தேன்.

ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு கலப்பு. பண்ணைக்காரரே வந்து உட்கார்ந்து அளவு சொல்வார். அவர் பெயரிலேயே பெட்டியில் இருக்கும். கந்தசாமி என்று ஒருவர் வருவார். கைநிறையத் தீவனத்தை அள்ளி மோந்து பார்த்து, "கிளிஞ்சல் பத்தாதுங்க" என்பார். எப்போதும் பத்தாது. ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். பிறகு அவர் சம்சாரம் பாவாயி அக்காதான் பண்ணையைப் பார்த்தார். லோடு ஏற்ற அவரே வருவார். கலப்பின் அளவெல்லாம் அவருக்குத் தெரியாது.

"அவரு போட்டு வெச்சது பெட்டீல இருக்குதில்ல சாமி. அதையே போடு."

அந்தப் பெட்டியில் இருந்தது. வேறெங்கும் இல்லை.

பெட்டி பழசாகிவிட்டது. உள்ளே இருப்பதையெல்லாம் இன்டர்நெட் வழியாக எங்கோ வெளியூர் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடலாம் என்று முதலாளி முடிவு செய்தார். அந்த வேலைக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து நித்யா என்று ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி. மில் ஒரு பொழுதுகூட நிற்கக் கூடாது, தீவனம் தவறினால் கோழி முட்டையைக் குறைத்துவிடும் என்று அவளே யோசித்து, ஆயுத பூசை நாளைத் தேர்ந்தெடுத்தாள். மில் ஓடாத நாள் அது ஒன்றுதான்.

"அன்னிக்கு யாரும் இந்த ரூம்ல கை வெக்கக் கூடாதுங்க சார்."

"பூசை அன்னிக்கு எவன் கை வெப்பான் கண்ணு? நிம்மதியாப் போயிட்டு வா" என்றார் முதலாளி.

பூசைக்கு முதல் நாள் பொழுதோடு நகல் எடுக்கப் போட்டுவிட்டுப் போனாள். எங்கள் ஊர் இன்டர்நெட்டுக்கு அது மறுநாள் முழுக்க ஓட வேண்டும்.

காலையில் நான் கீழே இயந்திரத்துக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தேன். பொரித் தட்டோடு மேலே போனால் அறையில் உறுமல் இல்லை. பெட்டிக்குத் திருநீற்றுப் பட்டை, நடுவில் குங்குமம். பக்கத்தில் முதலாளி கைகட்டி நின்றார்.

"வருசம் பூரா கண்ண மூடாம ஓடுது. இன்னிக்கு ஒரு நா படுக்கட்டும்னு அமத்துனன்" என்றார்.

நித்யாவுக்குப் போன் போட்டேன். "அய்யோ அண்ணா, ஒடனே போடுங்க" என்றாள். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. பூசை போட்ட ஆயுதத்தை அன்றைக்கே எடுக்கிற வழக்கம் இல்லை. "நாளைக்குக் காலைல சூடம் காட்டிப் போடலாம்னு சொல்லு" என்றார்.

மறுநாள் சூடம் காட்டினோம். பெட்டி எழவில்லை. வருடக்கணக்காகச் சூட்டிலேயே சுற்றிய டிஸ்க், ஒருமுறை ஆறிவிட்டால் சில சமயம் மறுபடி சுற்றாதாம். நித்யா அழவில்லை, ஆனால் முகம் அப்படி இருந்தது. சேலத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை. பாதிப் பண்ணைகள் மட்டும் புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. முதலாளி யாரையும் திட்டவில்லை. திட்ட ஆளில்லை.

மீதிப் பண்ணைக்காரர்கள் வந்து அவரவர் அளவைச் சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்ல முடியாதவர் ஒருவர்தான்.

பாவாயி அக்கா வந்து என் மேசைக்கு எதிரில் நின்றார்.

"ஏஞ்சாமி, தெனமும் நீதான மைக்குல படிச்ச? உனக்கு நெனப்பில்லியா?"

"வரிசை நெனப்பிருக்குதுங்க்கா. அளவு வரமாட்டேங்குது."

நிஜம்தான். வாசித்ததெல்லாம் வாயோடு போயிற்று. பொதுக் கலப்பு என்று ஒன்றை முதலாளி போட்டுக் கொடுத்தார்.

சில வாரம் கழித்து வந்தார். முட்டை எப்படி என்று கேட்டேன்.

"கோழிக்கு ஒரு கொறையுமில்ல. எப்பவும் போலத்தான் வெக்குது."

அதில் அவருக்குச் சந்தோஷம் இருந்த மாதிரி தெரியவில்லை. போகாமல் நின்றார்.

"கலப்பு போனாப் போவுது சாமி. பேரையாச்சும் கூப்புடு."

மைக்கை எடுத்து, "கந்தசாமி கலப்பு" என்றேன். கீழேயிருந்து மேஸ்திரி, "யோவ், அதுதான் போயிருச்சே!" என்று கத்தினான். "பொதுவையே போடுப்பா, பேரு இதுதான்" என்றேன். அக்கா கீழே போய் மூட்டை மேல் உட்கார்ந்து, நான் வாசித்து முடிக்கும்வரை கேட்டார். அப்புறம் அவர் வரும்போதெல்லாம் அப்படியே கூப்பிட்டேன்.

நித்யா பிற்பாடு வேலையை ஒழுங்காகவே முடித்தாள். அளவு அந்த வெளியூர் கம்ப்யூட்டரிலிருந்து நேராக இயந்திரத்துக்கே வரத் தொடங்கியது. வாசிக்க ஆள் வேண்டாம். மைக்கைக் கழற்றினார்கள், என்னை வாசல் கேட்டுக்கு அனுப்பினார்கள், கொஞ்ச நாளில் நானே நின்றுவிட்டேன்.

மைக்கைக் கழற்றிய அன்று அக்காவுக்கு லோடு இருந்தது. இயந்திரம் தானே எடை போட்டுத் தானே கொட்டியது. அக்கா மூட்டை மேல் உட்கார்ந்து மேலே என் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லோடு ஏறி முடிந்தும் சித்த நேரம் எழவில்லை. பிறகு முந்தானையை உதறிவிட்டு, "வாரேன் சாமி" என்றார்.

வரவில்லை. போனில் பண்ணை நம்பரைச் சொன்னால் லாரி பண்ணைக்கே போய்விடுகிறது. யாரும் வர வேண்டியதில்லை.