சோபாவுக்குக் கால் தெரியக்கூடாது

அந்தத் தெருவில் மெத்தைக்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை நீட்டிக் காட்டும். சோபா தைப்பது அவர் தொழில். கிழிந்த சோபா, தொய்ந்த நாற்காலி, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி என்று எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும் புதுசாக்கித் தருவார். கோபம் மட்டும் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். தன் வேலையை எவனாவது குறை சொன்னால் அவனோடு அன்றைக்கே பேச்சுவார்த்தை முடிந்தது.

இதற்கு விலக்கு அவர் மனைவி ஒருவர்தான். அந்த அம்மா கல்யாணமான நாள் முதல் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். பேச்சுவார்த்தையும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

போன வருஷம் அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. "தாராளமா வெளிய போங்க" என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. பஸ்ஸில் இடிப்பார்கள். காரில் குமட்டும். பைக்கில் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. ஊரின் அந்தக் கோடியில் மகள் சின்னதாக ஒரு அழகு நிலையம் திறந்திருந்தாள். அங்கே அப்பா தைத்துக் கொடுத்த நாற்காலிகளில் ஒன்று மட்டும் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. அம்மா வந்துதான் அதில் முதலில் உட்கார வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். மெத்தைக்காரருக்கோ உள்ளுக்குள் ஒரே பயம். இப்படியே இவள் நாலு சுவருக்குள் முடங்கிப் போய்விட்டால் என்ன செய்வது?

அதற்காகத்தான் பழைய மூன்று சக்கர பைக் ஒன்றை வாங்கி வந்தார். முன்னால் சாதாரண பைக், பின்னால் இரண்டு சக்கரம், நடுவே அகலமான சீட். நிறுத்தினால் ஆடாமல் அசையாமல் நிற்கும். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"இதுலயா? பார்க்கவே சகிக்கல."

"சகிக்கலையா? ஒரு வாரம் குடு. அப்புறம் பேசு."

அன்றைக்குப் பிடித்தது சனி. வந்த வேலையெல்லாம் ஓரமாகக் கிடக்க, மெத்தைக்காரர் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிவப்பு ரெக்சினில், கட்டம் கட்டமாகப் பட்டன் வைத்து சீட் தைத்தார். நிறம் கண்ணைக் குத்துகிறது என்று ஜன்னலிலிருந்து தீர்ப்பு வந்தது. பழுப்பு நிறத்தில் மாற்றினார். மூட்டை தூக்குகிற வண்டி மாதிரி இருக்கிறதாம். கைப்பிடிக்குத் தோல் சுற்றினார், அடியில் நீல விளக்கு ஓடவிட்டார். கண்ணாடி மட்டும் நாலு மாட்டினார், ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தில்.

எதிர்க்கடை மெக்கானிக்குக் கொண்டாட்டம்.

"அண்ணே, மாப்பிள்ளை ரெடி. பொண்ணு பார்த்தாச்சா?"

"உன் வேலையைப் பாருடா!"

"கோச்சுக்காதீங்கண்ணே. ரெண்டு தலையணை போட்டா இன்னும் எடுப்பா இருக்கும்."

கிண்டலுக்குத்தான் சொன்னான். மறுநாள் பார்த்தால் சீட்டில் நிஜமாகவே இரண்டு தலையணை!

கடைசியாகத்தான் அந்த வேலையைச் செய்தார். சோபாவின் அடிப்பக்கத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் துணி தொங்குமே, அதைத் தைத்துச் சீட்டைச் சுற்றி மாட்டினார். சோபாவுக்குக் கால் தெரியக்கூடாது, தெரிந்தால் அது பெஞ்ச் என்பது அவர் தொழிலில் அவர் வைத்திருந்த சட்டம். பின்சீட்டில் ஏறுவதற்கு இடது பக்கம் ஒரு குட்டி இரும்புப் படி அசிங்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அதுவும் மடிப்புக்குள் மறைந்தது. தூர நின்று பார்த்தார். இனி எவன் குறை சொல்வான் பார்க்கலாம்!

ஞாயிற்றுக்கிழமை காலை மகளுக்கு போன் போட்டு, "அம்மாவோட வரேன், பிளாஸ்டிக்கைப் பிரிச்சு வை" என்று சொல்லிவிட்டார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசற்படியை ஒட்டி நிறுத்திய வண்டியருகே நின்றார். அம்மா வாசல் வரை வந்தார். கதவு நிலையைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது. வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"பட்டன் ஒண்ணு கோணலா இருக்கு."

மெத்தைக்காரருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"கோணலா? என் கையிலயா? இன்னிவரைக்கும் ஒரு பட்டன் கோணலா வெச்சதா சரித்திரம் உண்டா? வர இஷ்டமில்லைன்னா இல்லைன்னு சொல்லித் தொலையேன்! என் வேலையை ஏன் பழிக்கிறே?"

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தான்.

"எனக்குப் பயமா இருக்குங்க!" அம்மா கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. "அன்னிக்குக் காலை எங்க வைக்கிறோம்னு பார்க்காமத்தான் விழுந்தேன். இப்ப ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்துத்தான் வைக்கிறேன். நீங்க என்னடான்னா இருந்த ஒரு படியையும் துணி போட்டு மூடிட்டு வந்து நிக்கிறீங்க!"

நிறமும் பட்டனும் வெறும் சாக்கு என்பது இத்தனை நாள் கழித்து இப்போதுதான் மெத்தைக்காரர் மண்டையில் உறைத்தது. விறுவிறுவென்று உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தார். இடது பக்கத்து மடிப்பை ஒரே இழுப்பில் அறுத்து எறிந்தார்.

"ஐயோ அண்ணே!" என்றான் மெக்கானிக். இத்தனை நாள் கிண்டல் செய்தவனுக்கே மனசு கேட்கவில்லை.

உள்ளேயிருந்து படி எட்டிப் பார்த்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. இதில் யார் ஏறுவார்கள்? மெக்கானிக்கே ஓடிப்போய் அகலமான இரும்புப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து வெல்டிங் வைத்தான். சூடு ஆறியதும் மெத்தைக்காரர் கை சும்மா இருக்குமா? ஒரு துண்டு ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"அட கடவுளே! பஞ்சும் வேணாம், பட்டனும் வேணாம். கெட்டியா இருக்கட்டும், விடுங்க!"

விட்டுவிட்டார். ஓரத்தில் மட்டும் பளிச்சென்று மஞ்சள் ரெக்சின் பட்டை ஒட்டினார். அம்மா குனிந்து பார்த்தார். "இப்பத் தெரியுது" என்றார். நிலையிலிருந்து கையை எடுத்து அவர் தோளைப் பிடித்தார். ஒரு கால் மஞ்சளுக்கு மேலே, அப்புறம் இன்னொரு கால். உட்கார்ந்துவிட்டார்! இரண்டு தலையணைக்கும் நடுவே.

வண்டி கிளம்பியது. கிளம்பியது என்றுதான் சொல்ல வேண்டும். மெக்கானிக் டீ கிளாஸோடு கூடவே நடந்து வந்தான், டீகூடத் தளும்பவில்லை. நாலு கண்ணாடியும் அம்மா முகத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன. மெத்தைக்காரர் ஒன்றை விட்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"ரோட்டைப் பாருங்க."

"பார்க்கிறேன்."

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன். பாப்பா காத்துக்கிட்டிருப்பா."

வேகமா? இவளா சொல்கிறாள்? கைப்பிடியை முறுக்கினார். மெக்கானிக் பின்தங்கிப் போனான். தெருமுனை திரும்பியதும் பின்னாலிருந்து அம்மா அவர் காதருகே குனிந்தார்.

"ஏங்க, அந்தப் பட்டன் கோணல் இல்ல. நேராத்தான் இருக்கு."

"எனக்குத் தெரியும்" என்றார் மெத்தைக்காரர்.