மஜீட் சேர் பார்த்த மஞ்சள் கோடு

மஜீட் சேர் கெட்டிக்காரர்தான், யார் இல்லையென்றது? கல்முனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். தொண்ணூற்றெட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுத்தார். ஒரு முனையில் இரண்டு சவர பிளேட்டை மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டினார். மறுமுனையில் உடைந்த சீடித் துண்டு. ஒரு பொருளைக் கம்பியில் தொட்டு ஸ்பிரிட் விளக்கில் பிடித்துப் பெட்டிக்குள் பார்த்தால், அதிலுள்ள மூலகம் தன் நிறத்தில் கோடு காட்டும். கறி உப்பிலுள்ள சோடியத்துக்கு மஞ்சள், பொட்டாசு உரத்திலுள்ள பொட்டாசியத்துக்கு ஊதா. அதோடு மனுசன் சும்மா இருந்திருக்கலாம்.

இருந்தாரா? பள்ளிக்கூடக் கண்காட்சியில் ஒரு வயல்காரர், உரக்கடை றுகையா ராத்தாவிடம் வாங்கிய பொட்டாசு உரத்தில் ஒரு பிடி கொண்டுவந்து நீட்டினார். சேர் பார்த்தார். மஞ்சள் கோடு பளிச்சென்று நின்றது. "இது உரமில்ல, கறி உப்புக் கலந்த உரம்!" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். வயலுக்கு உப்புப் போட எவன் வருவான்? புருசன் மௌத்தான பிறகு அந்தக் கடையை நம்பி மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்தவள் றுகையா. ஒரே கிழமையில் கடையில் ஈ ஓட்டினாள்.

அடுத்த கிழமை வகுப்பில் காட்டுவதற்காகச் சேர் வெறுங்கம்பியை நெருப்பில் பிடித்தார். மஞ்சள். கழுவிப் பிடித்தார். அதே மஞ்சள். கழுவியது கடற்கரையோரப் பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீரில். வாயில் வைத்தாலே உவர்க்கும். பற்றரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீரில் கம்பியைக் கழுவி, மிச்சமிருந்த அதே உரத்தைத் தொட்டார். நெருப்பு ஊதாவாக எரிந்தது. அப்போ உப்பு இருந்தது உரத்திலில்லை, அவர் கம்பியில். முதலில் வெறுங்கம்பியைப் பார் என்று பன்னிரண்டு வருசம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாய் அது. வெட்கத்தில் அவருக்கு நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கே உச்சி வெயிலில், தெருவில் சனமில்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனார்.

"ராத்தா, என்ட பிழை. உங்கட உரம் நல்ல உரம். மன்னிச்சிருங்க."

றுகையா மூட்டை தைத்துக்கொண்டிருந்தாள். "கண்காட்சியில எத்தின பேர் நிண்டாங்க சேர்?"

"இருநூறு பேர் இருக்கும்."

"இப்ப இஞ்ச எத்தின பேர் நிக்கிறாங்க?"

சேர் வெறுந்தெருவைத் திரும்பிப் பார்த்தார். அவள் அடுத்த மூட்டையை இழுத்துத் தைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சனம் வெளியே வரும்போது மஜீட் சேர் பள்ளிவாசல் படியில் நின்றார். "றுகையா ராத்தாட உரத்தில உப்பில்ல. நான்தான் கம்பியச் சரியாக் கழுவாமப் பிழையாச் சொல்லிட்டன்."

பின்னால் நின்றவர்கள் கேட்கவில்லை என்றார்கள். திரும்பவும் சொன்னார்.